தவிடு, வாழைத்தண்டு, கழுநீர்: சிங்கப்பூர்ப் பன்றிப் பண்ணைகளின் தீவன வரலாறு



சிங்கப்பூரில் அடுக்குமாடி வீடுகள் எழும்பத் தொடங்கிய காலத்தில் வாழ்ந்தவர்களுக்கு ஒரு சத்தம் நினைவிருக்கும். தகரத்தோடு தகரம் மோதும் சத்தம். சீன விவசாயி ஒருவர், சில இடங்களில் அவர் மனைவி, தோளில் தடி வைத்து இரு முனையிலும் மண்ணெண்ணெய்த் தகரத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு வருவார். சமையலறை வாசலில் வைத்திருக்கும் எச்சில் சோறு, குழம்பு, காய்கறித் தோல், மீன் முள் எல்லாவற்றையும் தகரத்தில் கொட்டிக்கொண்டு போவார். அங்காடிக் கடைகளிலும் காப்பிக் கடைகளிலும் அதே வேலை. காசு கொடுப்பதில்லை, வாங்குவதுமில்லை. சீனப் புத்தாண்டு நெருங்கினால், ஆண்டு முழுதும் கழுநீர் கொடுத்த வீட்டுக்கு முட்டையோ ஒரு வாத்தோ கொண்டுவந்து தருவார். கணக்கு அத்துடன் தீர்ந்தது.

அந்தத் தகரங்கள் போய்ச் சேர்ந்த இடம் பன்றிப் பண்ணை. நம் நேயர்களுள் முஸ்லிம் அன்பர்களுக்குப் பன்றி விலக்கப்பட்டது. இந்துக்களிலும் பலர் அதை உண்பதில்லை. ஆயினும் சிங்கப்பூரின் வேளாண்மை வரலாற்றைச் சொல்லப் புகுந்தால் இந்த விலங்கைத் தாண்டிப் போக வழியில்லை. 1970களில் இத்தீவு தன் பன்றியிறைச்சித் தேவையைத் தானே நிறைவு செய்துகொண்டது. 1990 வாக்கில் இங்கே ஒரு பன்றிப் பண்ணைகூட இல்லை. இடையில் நடந்ததற்கு நிலப் பற்றாக்குறை, நாற்றம், ஆற்றுத் தூய்மை என்று காரணம் சொல்வது வழக்கம். அவையெல்லாம் உண்மைதாம். ஆனால் பன்றி எதைத் தின்றது என்ற கேள்வியை யாரும் அதிகம் கேட்பதில்லை. அதைக் கேட்டால் கதை வேறு கோணத்தில் விளங்குகிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். மாட்டுக்கு நான்கு அறைகள் உள்ள இரைப்பை. வைக்கோலையும் புல்லையும் அது அசைபோட்டுச் செரித்துவிடும். பன்றியின் வயிறு மனிதர் வயிற்றைப் போல் ஓர் அறை கொண்டது. நாரை ஓரளவுதான் அதனால் செரிக்க முடியும். மனிதன் தின்னக்கூடிய தானியத்தையே பன்றியும் தின்று வளரும். ஆகவே தானியம் கொட்டிப் பன்றி வளர்ப்பதென்றால் அது மனிதனோடு பங்குபோடும் விலங்கு; மனிதன் கழித்ததைக் கொடுத்து வளர்ப்பதென்றால் அது வீணாவதை இறைச்சியாக மாற்றித் தரும் விலங்கு. தென்சீனத்து உழவர் பல நூற்றாண்டுகளாக இரண்டாவது வழியில் நின்றவர்கள். இங்கே குடியேறியபோது அந்த வழியையும் உடன் கொண்டுவந்தார்கள்.

வந்த இடத்தில் கழிவுக்குக் குறைவில்லை. 19ஆம் நூற்றாண்டில் சிங்கப்பூரில் சேகோ ஆலைகள் பல இருந்தன. சைனாடவுனில் சேகோ தெரு என்ற பெயர் அதனால் வந்தது. சுற்றுத் தீவுகளிலிருந்து கொப்பரை வந்து குவிந்தது; எண்ணெய் ஆட்டிய பிறகு புண்ணாக்கு மிஞ்சியது. செராங்கூன் பக்கத்தில் அன்னாசியைத் தகரத்தில் அடைக்கும் தொழில் இருந்தது. தோலும் நடுத்தண்டும் மலையாய்க் குவிந்தன. சயாமிலிருந்தும் பர்மாவிலிருந்தும் அரிசி வந்த வழியிலேயே தவிடும் வந்தது.

கோலாலம்பூர்ப் பக்கமும் ஒரு பார்வை பார்க்கலாம். அந்நகரத்தை நிலைநிறுத்திய காப்பித்தான் யாப் ஆ லோய், சுரங்கத்தில் சமையல்காரராய் இருந்துவிட்டு, அடுத்துத் தொடங்கிய தொழில் பன்றி வாணிபம்தான். ஈயச் சுரங்கத் தொழிலாளருக்கு இறைச்சி வேண்டியிருந்தது. பின்னாளில் அவர் நிறுவிய மரவள்ளி மாவு ஆலையை ஒட்டித்தான் பெட்டாலிங் தெருவுக்குச் சீனர்கள் மாவாலைத் தெரு என்று பெயரிட்டார்கள். இன்றும் அப்படியே அழைக்கிறார்கள். மாவு எடுத்தபின் எஞ்சும் மரவள்ளிச் சக்கை சீனர்களிடையே பன்றித் தீவனமாகப் பயன்பட்டது. ஈயம் தோண்டி முடிந்த குட்டைகளோ மீனுக்கும் வாத்துக்கும் நீர்ச்செடிக்கும் இடமாயின.

நம்மவர் கதையும் இதில் ஒரு மூலையில் உண்டு. செராங்கூன் சாலை அக்காலத்தில் மாட்டுத் தொழிலுக்குப் பெயர்போனது. கால்நடை வாணிபம், பால் கறப்பு, கோதுமை அரைப்பு, நல்லெண்ணெய்ச் செக்கு எல்லாம் அப்பகுதியில் நடந்தன. அங்கே தமிழ்ப் பால்காரர் மாட்டுக்குத் தேடிய தவிடும் புண்ணாக்கும், கம்பத்துச் சீனர் பன்றிக்குத் தேடிய தவிடும் புண்ணாக்கும் ஒரே மூட்டைதான். நாம் கழுநீர்த் தொட்டி வைத்து மாட்டை நிறுத்தினோம். அவர்கள் கழுநீர்த் தகரம் தூக்கிப் பன்றிக்குக் கொண்டுபோனார்கள். பழக்கம் ஒன்று, விலங்கு வேறு.

இனிப் பண்ணைக்குள்ளே போவோம். சுவா சூ காங், லிம் சூ காங், கிராஞ்சி, தம்பனிஸ், பொங்கோல் ஆகிய வட்டாரங்களின் பழைய பண்ணைகளில் மூன்று தொழில்கள் ஒன்றாய் இருந்தன: பன்றி, காய்கறி, மீன். கொட்டகையைக் கழுவிய நீர் குளத்துக்கு ஓடும். அதில் வளமுண்டு; நுண்ணுயிரும் பாசியும் பெருகும்; அவற்றைத் தின்று கெண்டை வகை மீன்கள் வளரும். குளத்தின் மேற்பரப்பில் வெங்காயத் தாமரை படரும். சிலர் இதை ஆகாயத் தாமரை என்பர். பிற ஊர்களில் ஆற்றையும் ஏரியையும் அடைத்து நாசம் செய்யும் களை இது. இங்கே விவசாயி இதை வேலி கட்டி வளர்த்தார். குளத்தைச் சுற்றிக் காங்கோங் கீரை, சர்க்கரைவள்ளிக் கொடி, வாழை. எரு காய்கறிப் பாத்திக்கு. காய்கறியின் அழுகிய இலை மீண்டும் பன்றிக்கு.

மாலையில் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் வெங்காயத் தாமரையை இழுத்து வந்து நறுக்குவார்கள். வாழைத்தண்டையும் சர்க்கரைவள்ளிக் கொடியையும் பொடியாய் அரிவார்கள். பெரிய இரும்புக் குவாலியில் இவற்றைக் கொட்டி, தவிடும் கொப்பரைப் புண்ணாக்கும் சேர்த்து, கழுநீர் ஊற்றி, விறகு மூட்டி வேகவைப்பார்கள். ஆறியதும் தொட்டியில் ஊற்றுவார்கள். மழையானாலும் காய்ச்சலானாலும் இந்த வேலை நிற்காது. பள்ளிக்கூடத்துக்குப் போகும் முன் ஒரு முறை, வந்தபின் ஒரு முறை என்று இதைச் செய்து வளர்ந்த ஒரு தலைமுறை இன்றும் சிங்கப்பூரில் இருக்கிறது. செலவில்லாத தீவனம் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். கூலி கொடுக்காத உழைப்பு அதற்குள் எவ்வளவு இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இந்தத் தீவனத்தில் சத்து எப்படி? வெங்காயத் தாமரையில் நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் தண்ணீர். வாழைத்தண்டும் அப்படியே. வயிற்றை நிரப்பும், எடை கூட்டாது. தவிட்டில் புரதம் நூற்றுக்கு 12 அல்லது 13 பங்கு உண்டு, எண்ணெயும் உண்டு. ஆனால் நம் வெப்பத்தில் சில நாளில் சிக்குப் பிடித்துவிடும். கொப்பரைப் புண்ணாக்கில் புரதம் ஏறக்குறைய 20 பங்கு. ஆயினும் தசை வளரத் தேவையான லைசின் என்னும் சத்து அதில் குறைவு, ஈரம் பட்டால் பூஞ்சை நஞ்சும் ஏறும். மரவள்ளியில் மாவு நிறைய, புரதம் மிகச் சொற்பம்; பச்சையாய்க் கொடுத்தால் சயனைடு நஞ்சு கொல்லும். வேகவைப்பதற்கும் வெயிலில் காயவைப்பதற்கும் காரணம் அதுவே. விவசாயிக்கு லைசின் என்ற சொல் தெரியாது. ஆனால் தவிட்டோடு சிறிது மீன் கழிவு சேர்த்தால் குட்டி தேறும் என்பது தெரியும். அவர் வளர்த்ததும் முதுகு தொய்ந்து வயிறு தரையைத் தொடும் தென்சீனத்துக் கறுப்பு இனம். முரட்டுத் தீவனத்தைத் தாங்கும், மெதுவாய் வளரும், கொழுப்பு அதிகம். அவசரமில்லாத பண்ணைக்கு ஏற்ற விலங்கு.

1942 பிப்ரவரியில் ஜப்பானியர் வந்தார்கள். அரிசிக் கப்பல் நின்றது. அதுவரை பன்றிக்குப் போன மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் மனிதர் தட்டுக்கு ஏறின. மரவள்ளியில் ரொட்டி, மரவள்ளியில் களி, மரவள்ளியில் பலகாரம். வைட்டமின் குறைவால் கால் வீங்கியவர்கள் தவிட்டைத் தேடித் தின்றார்கள். தோட்டப்புறத் தமிழர் குடும்பங்களில் அந்த மூன்றரை ஆண்டைச் சொல்லும்போது முதலில் வரும் சொல் மரவள்ளி. கழிவு என்று நாம் பெயர் வைப்பது பொருளை வைத்தா, காலத்தை வைத்தா என்று அப்போது ஒருவரும் ஆராய்ந்துகொண்டிருக்கவில்லை, பசித்தது, தின்றார்கள்.

போருக்குப் பின் நிலை மாறிற்று. மக்கள் தொகை பெருகியது. இறைச்சிக்குத் தேவை கூடியது. 1959இல் முதல்நிலை உற்பத்தி இலாகா அமைந்தது. 1960களில் ஐக்கிய நாட்டு நிறுவன உதவியோடு செம்பவாங்கில் பன்றி, கோழி வளர்ப்புக்கான ஆராய்ச்சி, பயிற்சி நிலையம் ஒன்று எழுந்தது. லார்ஜ் வைட், லேண்ட்ரேஸ், டுயூரோக் ஆகிய மேலை இனங்கள் பரவின. இவை ஆறு மாதத்தில் ஏறக்குறைய 90 கிலோ எடை காட்டக்கூடியவை. ஆனால் வாழைத்தண்டையும் வெங்காயத் தாமரையையும் போட்டால் அந்த எடை வராது. தாய்லாந்துச் சோளமும் அமெரிக்கச் சோயாப் புண்ணாக்கும் மீன்தூளும் அளவாய்க் கலந்த ஆலைத் தீவனம் வேண்டும். சோளம் மாவுச்சத்துக்கு, நூற்றுக்கு 44 பங்குப் புரதம் கொண்ட சோயாப் புண்ணாக்கு தசைக்கு. மூட்டையைப் பிரித்துக் கொட்டினால் போதும். நறுக்க வேண்டாம், வேகவைக்க வேண்டாம். ஒரு குடும்பம் 20 பன்றி வைத்திருந்த இடத்தில் நூற்றுக்கணக்கில் வைக்கலாம்.

இதை முன்னேற்றம் என்று சொல்லத் தடையில்லை. பிள்ளைகள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் புத்தகத்தை எடுத்தார்கள். ஆனால் வட்டமாய் இருந்த பண்ணை நேர்க்கோடாய் மாறிவிட்டது. ஒரு பக்கம் கப்பலில் தானியம் வரும். மறு பக்கம் லாரியில் பன்றி போகும். நடுவில் சாணமும் கழுவிய நீரும் தங்கிவிடும். 20 பன்றியின் கழிவு குளத்துக்கு உணவு. 1000 பன்றியின் கழிவு அதே குளத்துக்கு நஞ்சு. மீன் மிதந்தது. நீர் ஓடையில் இறங்கியது, ஓடை ஆற்றில் சேர்ந்தது.

அந்த ஆற்று நீர் குடிநீராக வேண்டிய காலமும் அப்போதுதான் வந்தது. கிராஞ்சி கழிமுகத்தை அணை கட்டி 1975இல் நீர்த்தேக்கமாக்கினார்கள். அந்த நீர்ப்பிடிப்புப் பகுதியில் பன்றி இருக்கக்கூடாது என்று பண்ணைகள் பொங்கோலுக்கு இடம் மாற்றப்பட்டன. 1977 பிப்ரவரியில் பிரதமர் லீ குவான் இயூ, பத்தாண்டில் சிங்கப்பூர் ஆறும் காலாங் வடிநிலமும் தூய்மையாக வேண்டும் என்று இலக்கு வைத்தார். அந்தப் பணியில் மூடப்பட்ட பன்றிப் பண்ணைகள் மட்டும் 600க்கு மேல்.

இதே பத்தாண்டில் தீவனத்துக்கும் ஓர் அதிர்ச்சி. 1972இல் பெரு நாட்டுக் கடலில் நெத்திலி இன மீன் வளம் சரிந்தது. உலகின் மீன்தூள் பெரும்பகுதி அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. மீன்தூளுக்குப் பதில் எல்லாரும் சோயாவை நாடினார்கள். விலை தாறுமாறாய் ஏறியது. 1973 ஜூன் இறுதியில் அமெரிக்கா சோயா ஏற்றுமதியையே தடை செய்தது. தடை நீண்ட நாள் நீடிக்கவில்லை. ஆனால் கப்பல் தானியத்தை நம்பியிருந்த நாடுகளுக்கு அது போதுமான எச்சரிக்கை. அதற்குப் பின்தான் ஆசிய நாடுகளின் ஆய்வுக்கூடங்களில், முப்பது ஆண்டுக்கு முன் எந்த விவசாயியிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கக்கூடிய கேள்வி மீண்டும் எழுந்தது: உள்ளூர்க் கழிவில் பன்றி வளர்க்க முடியுமா?

மலேசியாவில் 1969இல் அமைந்த மார்டி வேளாண் ஆராய்ச்சிக் கழகம் செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கைக் கால்நடைத் தீவனமாக ஆராய்ந்தது. ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைத் தோட்டங்களாக மாறிய காலம் அது. புண்ணாக்கு ஆண்டுக்காண்டு பெருகியது. புரதம் நூற்றுக்கு 14 முதல் 18 பங்கு. நல்ல செய்திதான். ஆனால் நார் அதிகம், ஓட்டுத்தூள் கலந்து நறநறவென்றிருக்கும், பன்றி விரும்பித் தின்னாது. மாட்டுக்கு நிறையக் கொடுக்கலாம். பன்றிக்கு அளவாய்த்தான் கலக்கலாம். விளைவு என்ன? நம் தோட்டத்துப் புண்ணாக்கு கப்பலேறி ஐரோப்பியப் பால்மாட்டுக்குப் போயிற்று. ஆர்க்கும் வேறு நாட்டுச் சோளம் கப்பலேறி நம் பன்றிக்கு வந்தது.

மரவள்ளியின் கதை இன்னும் விநோதம். தாய்லாந்து 1970களிலும் 80களிலும் காய்ந்த மரவள்ளியை ஹாலந்துக்கும் ஜெர்மனிக்கும் இலட்சக்கணக்கான டன்னாய் அனுப்பியது. ஐரோப்பியப் பொதுச் சந்தையில் தானிய விலையை உயர்த்தி வைத்திருந்தார்கள். மரவள்ளிக்குச் சுங்கம் குறைவு. ஆகவே மரவள்ளியோடு சோயாவைச் சேர்த்துப் பன்றிக்குப் போடுவது அங்கே இலாபமாயிற்று. மரவள்ளியும் சோயாவும் சேர்ந்தால் சோளத்துக்கு ஈடாகக்கூடும் என்பது இதனால் தெரிந்தது. தீவனத்தைத் தீர்மானிப்பது பன்றியின் வயிறு பாதி, சுங்கக் கணக்கு பாதி.

சிங்கப்பூரில் செய்த சோதனையே மிகத் துணிவானது என்பது நம் கருத்து. இங்கே வயல் இல்லை, தோட்டம் குறைந்துவிட்டது. பெரிய அளவில் கிடைத்த ஒரே பண்ணைக் கழிவு பன்றியின் கழிவுதான். அதையே தீவனமாக்கினால் என்ன? முதல்நிலை உற்பத்தி இலாகாவினர், பன்றிக் கழிவுநீரை ஆழமில்லாத வாய்க்கால்களில் சுழலவிட்டு, வெயிலில் பச்சைப் பாசி வளர்த்து, அதைப் பிரித்தெடுத்துத் தீவனத்தில் சேர்த்துப் பார்த்தார்கள். பாசியில் புரதம் ஏராளம். நீரும் ஓரளவு சுத்தமாகும். 1980 பிப்ரவரியில் இதைப் பற்றிப் பன்னாட்டு ஆய்வாளர் கூட்டம் சிங்கப்பூரிலேயே நடந்தது. பழைய குளத்து வட்டத்தை இயந்திரத்தால் மீண்டும் கட்டும் முயற்சி அது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத சிறு பாசியை நீரிலிருந்து பிரிப்பதும் உலர்த்துவதும் செலவு பிடிக்கும் வேலை. மூட்டைச் சோளத்தோடு அது போட்டியிட முடியவில்லை.

1984 மார்ச்சில் முதல் துணைப் பிரதமர் டாக்டர் கோ கெங் சுவீ, பன்றி வளர்ப்பைப் படிப்படியாய் நிறுத்துவதென்ற முடிவை அறிவித்தார். தானியத்தைக் கப்பலில் இறக்கி, அரிய நிலத்திலும் நீரிலும் பன்றியை வளர்த்து, கழிவைச் சுத்திகரிக்க மீண்டும் பணம் கொட்டுவதைவிட இறைச்சியாகவே வாங்கிவிடுவது மலிவு என்பது கணக்கு. கணக்கில் தவறில்லை. ஆனால் பொங்கோலுக்கு அப்போதுதான் இடம் மாறி, நம்பிக்கையோடு கொட்டகை கட்டியிருந்த குடும்பங்கள் அதைக் கேட்டபோது என்ன நினைத்திருப்பார்கள்! முதலில் கழிவைக் கைவிடச் சொன்னார்கள், நவீன இனம் வாங்கச் சொன்னார்கள், இடம் பெயரச் சொன்னார்கள். அடுத்து மூடச் சொன்னார்கள். இழப்பீடு கிடைத்தது. சிலர் காய்கறிக்கும் மீனுக்கும் மாறினர்; வயதானவர்கள் அடுக்குமாடி வீட்டுக்குப் போயினர்.

இறைச்சி மலேசியாவிலிருந்தும் பூலாவ் பூலான் தீவிலிருந்தும் வந்தது. 1998, 1999ஆம் ஆண்டுகளில் மலேசியப் பண்ணைகளில் நிப்பா நோய் பரவியது. ஈப்போ வட்டாரத்தில் தொடங்கி நெகிரி செம்பிலானுக்கு இறங்கிய அந்நோயால் 265 பேர் பாதிக்கப்பட்டு 105 பேர் இறந்தனர். பண்ணைகளில் வேலை செய்த இந்தியத் தொழிலாளரும் நோயுற்றோரில் இருந்தனர். சிங்கப்பூர் இறைச்சிக்கூடத்தில் 11 பேருக்குத் தொற்றி ஒருவர் மாண்டார். பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. பின்னர் ஆராய்ந்தபோது, கொட்டகையை ஒட்டி மாமரங்கள் இருந்ததும், பழந்தின்னி வௌவால் கடித்துப் போட்ட பழம் தொழுவத்தில் விழுந்து பன்றி தின்றதும் நோய் நுழைந்த வழியாய் இருக்கக்கூடும் என்று கண்டார்கள். பழைய பண்ணையிலும் மரம் இருந்தது, பழம் விழுந்தது. ஆனால் அங்கே 20 பன்றி. ஆயிரக்கணக்கில் நெருக்கி அடைத்த இடத்தில் ஒரு பழம் போதும்.

கழுநீருக்கும் அதே கதிதான். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் கிருமி, சரியாய் வேகாத எச்சில் இறைச்சித் துண்டில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். 2018இல் சீனத்தைத் தாக்கிய அந்நோய் 2021இல் சபாவுக்கு வந்தது. 2023 ஏப்ரலில் பூலாவ் பூலான் பன்றிகளில் காணப்பட்டு, அங்கிருந்து இறக்குமதி நிறுத்தப்பட்டது. குவாலியில் கொதிக்கக் கொதிக்க வேகவைத்த பழைய விவசாயி, விறகுச் செலவைப் பாராமல் செய்த அந்த வேலைதான் கிருமியையும் கொன்றுவந்தது என்பது இப்போது தெரிகிறது.

பொங்கோல் பண்ணைகள் மூடியபின் தகரம் தூக்கி வருவோர் நின்றுவிட்டார்கள். எச்சில் சோறு மட்டும் நிற்கவில்லை. அது குப்பைத் தொட்டிக்குப் போயிற்று; அங்கிருந்து 1979இல் உலு பாண்டானிலும் 1986இல் துவாசிலும் திறந்த எரியாலைகளுக்குப் போயிற்று. ஈரம் மிகுந்த சோறு எளிதில் எரியாது.